நாற்பத்திரண்டாம் நாள்

கார்த்திகை முதல் தேதி விடிவதற்கு முன்பே ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஆள் சேர்ந்துவிடும். காவிரியில் முழுகி, கறுப்போ நீலமோ காவியோ உடுத்தி, சபரிமலைக்குக் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டு திருவானைக்காவல் பக்கம் நடந்து திரும்புகிறவர்களில் ஆட்டோ ஓட்டுபவர் இருப்பார், பொன்மலைப் பணிமனைத் தொழிலாளி இருப்பார், கல்லூரி மாணவரும் இருப்பார். முந்தின நாள் இரவு வரை கணக்கில்லாமல் ஊதித் தள்ளியவர்களும் அவர்களில் உண்டு. மாலை கழுத்தில் ஏறியதும் சிகரெட் நின்றுவிடுகிறது. மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஆலோசனை சொல்ல ஆள் இல்லை. விரத நாட்களைச் சிலர் இப்போது குறைத்துக்கொண்டாலும், முறையாக இருப்பவர்களுக்கு ஒரு மண்டலம், 41 நாள், உதட்டில் புகை படுவதில்லை.

மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியதும் அவர்களில் பலர் அன்று சாயங்காலமே பெட்டிக்கடைக்கு வந்துவிடுகிறார்கள்.

புகைப்பழக்கத்துக்கு ஊர் சொல்லும் காரணங்கள் இரண்டு. "அவனுக்கு மனசுல உறுதி இல்ல" என்பது ஒன்று. "நிகோட்டின் ஒருதடவ புடிச்சா விடாது" என்பது மற்றொன்று. மாலை போட்டவரின் கதைக்கு முன்னால் இரண்டுமே நிற்கவில்லை. உறுதி இல்லாதவர் 41 நாள் தாங்கியிருக்க முடியாது. நிகோட்டினோ, நிறுத்திய சில நாட்களிலேயே உடம்பைவிட்டு வெளியேறிவிடுகிறது; ரத்தத்தில் அதன் அளவு ஏறக்குறைய 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். நிறுத்தியபின் வரும் எரிச்சல், தூக்கக்கேடு, கவனம் நிலைக்காமை எல்லாம் முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், 3, 4 வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஆகவே 42-ஆம் நாள் அந்த மனிதரைக் கடைக்கு இழுத்து வருவது அவர் ரத்தத்தில் மிச்சமிருக்கும் நஞ்சு அல்ல. இடம், நேரம், பக்கத்தில் நிற்கும் ஆள், தன்னைப் பற்றி அவரே வைத்திருக்கும் எண்ணம் என்று அது வேறு எங்கெங்கோ பரவிக் கிடக்கிறது.

*

இப்படிச் சொல்வதால் நிகோட்டினை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. உள்ளே இழுத்த புகை நுரையீரலில் ரத்தத்தோடு கலந்து, 10 முதல் 20 விநாடிக்குள் மூளையை எட்டிவிடுகிறது. அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்காக நரம்புச் செல்களில் அமைந்திருக்கும் ஏற்பிகளில் நிகோட்டின் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன் தூண்டுதலால் டோபமைன் சுரக்கிறது. சாப்பாடு, பாராட்டு, காதல் எல்லாவற்றுக்கும் மூளை அசையும் அதே பாதைதான். ஒரு சிகரெட்டில் சுமார் 10 இழுப்பு என்று வைத்தால், நாளைக்கு 20 பிடிப்பவர் 200 தடவை அந்தப் பாதையைத் தட்டுகிறார். ஆண்டுக்கு 73,000 தடவை. வேறு செயல்களுக்கு மனித மூளை இத்தனை முறை, இத்தனை உடனடியாகப் பரிசு பெறுவது அரிது.

ஆனால் பரிசு மட்டுமே கதை என்று நினைத்த ஆய்வாளர்களை எலிகள் குழப்பின. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அந்தோணி கஜியுலா, எரிக் டானி ஆகியோர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நடத்திய சோதனைகளில், எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் அதன் ரத்தத்தில் கொஞ்சம் நிகோட்டின் ஏறும். வெறும் நிகோட்டினுக்காக எலிகள் அவ்வளவு ஆர்வமாக அழுத்தவில்லை. நிகோட்டின் ஏறும்போதே கூண்டில் ஒரு விளக்கும் எரிந்து அணையும்படி செய்தபோது நெம்புகோலை அவை விடாமல் அழுத்தத் தொடங்கின. அந்த விளக்கு தின்னக்கூடியதல்ல, குடிக்கக்கூடியதல்ல. ஆனாலும் நிகோட்டின் தன் பக்கத்தில் இருக்கும் எதையும் பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. கோகெயின், ஹெராயின் போல அது பெரிய போதை தருவதில்லை. அதன் பலம் சுற்றி இருப்பவற்றுக்குக் கவர்ச்சி ஏற்றுவதில் இருக்கிறது. எலிக்கு ஒரு விளக்கு. மனிதருக்கு டீ கிளாஸ், தீக்குச்சி உரசும் சத்தம், விரலிடுக்கில் உருளும் அந்தச் சிறு பாரம், தொண்டையில் இறங்கும் காரம்.

தொண்டைக் காரம் என்று சொன்னது சும்மா அல்ல. அமெரிக்க ஆய்வாளர் ஜெட் ரோஸ் 1980-களில் புகைப்பவர்களின் தொண்டையையும் மூச்சுக்குழாயையும் மரத்துப்போகச் செய்து சிகரெட் கொடுத்துப் பார்த்தார். நிகோட்டின் வழக்கம்போல ஏறியது, திருப்தி குறைந்துவிட்டது. பிற்பாடு நிகோட்டின் நீக்கிய புகையிலையில் சிகரெட் செய்து கொடுத்தபோது எதிர்மாறாக நடந்தது. உள்ளே நிகோட்டின் ஏறக்குறைய இல்லை, இருந்தும் அப்போதைக்கு ஏக்கம் தணிந்தது. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், சிகரெட் என்பது ஒரு மருந்தைச் சுமந்து வரும் குழாய் மட்டும்தான் என்று இனிச் சொல்ல மாட்டார்.

1990-களில் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் கண்டது இதற்கு விளக்கம் தருகிறது. பழச்சாறு கிடைக்கும்போது குரங்கின் டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கைக் காட்டிப் பழக்கியபோது, சில நாட்களில் சாறுக்குத் துடிப்பது நின்று விளக்குக்குத் துடிக்கத் தொடங்கிவிட்டன. மூளை பரிசைவிடப் பரிசு வரப்போகும் அறிகுறியையே கவனிக்கக் கற்றுக்கொள்கிறது. அறிகுறி தெரிந்தும் பரிசு வராவிட்டால் அந்தச் செல்கள் சோர்ந்து அடங்குகின்றன. "டீ குடிச்சா ஒரு தம் போட்டே ஆகணும்" என்று ஒருவர் சொல்லும்போது அந்த டீதான் அவருடைய விளக்கு.

தமிழ்நாட்டில் இந்த விளக்குகளைத் தேடிப் போக வேண்டியதில்லை. காலையில் சிகரெட் பிடித்தால்தான் வயிறு இளகும் என்று நம்புகிறவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். நிகோட்டின் குடலைக் கொஞ்சம் அசைக்கக்கூடியதுதான். ஆனால் இருபது வருடம் ஒரே வரிசையில் நடந்த இரண்டு காரியங்கள் ஒன்றை ஒன்று அழைக்கப் பழகிவிட்டன என்பதே அதைவிடப் பெரிய உண்மை. சாப்பிட்டு எழுந்ததும் ஒன்று. பஸ் வரத் தாமதமானால் ஒன்று. வந்த பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஒன்று. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் நேரத்தில் கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஒன்று. இவற்றில் எதுவும் நிகோட்டின் குறைந்ததால் வந்தது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடிகாரத்தை வைத்தே இதைச் சோதித்தவர் இஸ்ரேலிய உளவியலாளர் ருவென் தார். வைதீக யூதர்கள் வெள்ளி மாலை தொடங்கி சனிக்கிழமை இரவு வரை ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது. ஆகவே புகைக்கவும் கூடாது. நாள்தோறும் புகைக்கும் அத்தகையவர்களை தாரின் குழு ஆராய்ந்து 2005-இல் முடிவை வெளியிட்டது. புகைக்காத ஓய்வுநாளில் அவர்களுடைய ஏக்கம் குறைவாகவே இருந்தது. புகைக்காமல் இருக்கும்படி ஒரு வேலைநாளில் அவர்களையே கேட்டுக்கொண்டபோதோ தவித்துப் போனார்கள். நிகோட்டின் இல்லாத நேரம் இரண்டிலும் உண்டு. ஒன்றில் "இன்று கிடையாது" என்று மனம் கதவைச் சாத்திவிட்டது. மற்றதில் கதவு திறந்தே இருந்தது.

2010-இல் அதே குழுவிடமிருந்து வந்த அடுத்த ஆய்வு இன்னும் கூர்மையானது. எல் அல் விமான நிறுவனத்தின் பணியாளர்களில் புகைப்பவர்களைத் தேர்ந்து, ஐரோப்பாவுக்குப் போகும் குறுகிய பயணம், நியூயார்க் போகும் நீண்ட பயணம் இரண்டிலும் அவர்களுடைய ஏக்கத்தை அவ்வப்போது குறித்தார்கள். குறுகிய பயணம் முடியப்போகும் வேளையில் ஏக்கம் எகிறியது. நீண்ட பயணத்தில், புகைத்து அதே அளவு மணி நேரம் கழிந்திருந்த கட்டத்தில், ஏக்கம் தாழ்ந்தே இருந்தது. தரையிறங்கப் போகும்போதுதான் ஏறியது. எத்தனை மணி நேரமாகப் பிடிக்கவில்லை என்பதைவிட, இன்னும் எவ்வளவு நேரத்தில் பிடிக்க முடியும் என்பதே தவிப்பின் அளவைத் தீர்மானித்தது.

சபரிமலை விரதத்தை இப்போது இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். மாலை போட்டவருக்கு ஊரே பெயரை மாற்றிவிடுகிறது. மேலதிகாரி முதல் மளிகைக்கடைக்காரர் வரை "சாமி" என்றுதான் கூப்பிடுகிறார்கள், வீட்டில் மனைவியும் "சாமி, சாப்பிட வாங்க" என்கிறார். விடியுமுன் குளியல், சாயங்காலம் குளியல், தரையில் படுக்கை, பஜனை, சரணகோஷம் என்று நாளின் அமைப்பே மாறுகிறது. பழைய விளக்குகள் பாதி அணைந்துவிடுகின்றன. கடை எதிரிலேயே இருந்தாலும், "எனக்குக் கிடையாது" என்று முடிவாகிவிட்டதால் அது கண்ணில் உறுத்துவதில்லை. புகைக்கும் நண்பரே, மாலை போட்டவர் பக்கத்தில் வந்தால் கையில் இருப்பதைப் பின்னால் மறைத்துக்கொள்கிறார். ஒரு மனிதர் புகைக்காமல் இருப்பதற்கு இவ்வளவு பேர் இவ்வளவு இயல்பாக ஒத்துழைக்கும் ஏற்பாடு உலகில் வேறெங்கும் உண்டா என்பது சந்தேகமே. இந்த ஏற்பாடு அவ்வளவும் ஒரு குறிப்பிட்ட தேதியோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் அதன் ஒரே குறை. விமானம் தரையிறங்கும் நேரம் பயணிக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

ஏக்கம் மூளையில் எங்கே குடியிருக்கிறது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. மூளையில் காயமோ பக்கவாதமோ ஏற்பட்ட 69 புகைப்பழக்கக்காரர்களை ஆராய்ந்த நசீர் நக்வி, அன்டோனியோ டமாசியோ முதலானோர் 2007-இல் ஒரு வியப்பான முடிவை அறிவித்தார்கள். காதுக்கு நேர் உள்ளே, மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதி சேதமானவர்களில் பலர், சிரமமே இல்லாமல் உடனே சிகரெட்டை விட்டுவிட்டார்கள். திரும்ப வேண்டும் என்ற நினைப்பும் அவர்களுக்கு எழவில்லை. இன்சுலா உடம்பின் உள்நிலையை, அதாவது பசி, மூச்சு, நெஞ்சின் படபடப்பு ஆகியவற்றை, உணர்வாக மாற்றும் இடம். புகைக்கும் ஆசை ஒரு யோசனையாக வருவதில்லை. உடம்பே கேட்பதுபோல வருகிறது. அதனால்தான் அறிவுரையால் அதை எட்ட முடிவதில்லை.

*

முதல் சிகரெட் பெரும்பாலோருக்கு இனித்ததில்லை. இருமல் வரும், தலை சுற்றும், சிலர் வாந்தி எடுப்பார்கள். இருந்தும் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஹாயெக் முதலியோர் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல்களைத் தொகுத்துப் பார்த்ததில், ஒரே ஒரு சிகரெட்டை முயன்று பார்த்தவர்களில் மூன்றில் இருவருக்குச் சற்றுக் கூடுதலானவர்கள், கொஞ்ச காலத்துக்காவது நாள்தோறும் புகைப்பவர்களாக ஆகியிருந்தார்கள். அந்தக் கசப்பான முதல் அனுபவத்தைத் தாண்டி இரண்டாவதுக்கு அழைத்துப் போவது நிகோட்டின் அல்ல. அதற்குள் அடிமையாக நேரமே இல்லை. அழைத்துப் போவது ஒரு பிம்பம்.

பிம்பம் விற்பதில் திருச்சிக்கு ஒரு பழைய பங்கு உண்டு. திண்டுக்கல் பக்கத்து இலையை உறையூரில் சுருட்டி, 19-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து அனுப்பினார்கள். ஆங்கிலேயர் நாவில் ட்ரிச்சினாப்பொலி என்பது ஊர்ப்பெயராக இருந்ததைவிடச் சுருட்டின் பெயராகவே பழகியது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாக வந்த கதை 1887-இல் அச்சானது; அதில் கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். லண்டன் வாசகருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு அது தெரிந்த பொருள். சர்ச்சிலுக்கு இங்கிருந்துதான் போனது என்று உறையூரில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையிலேயே விஷயம் அடங்கியிருக்கிறது: சுருட்டு பிடித்த ஆளின் அந்தஸ்து சுருட்டில் ஒட்டிக்கொள்கிறது, பிறகு அதைப் பிடிப்பவனுக்குக் கொஞ்சம் ஒட்டும் என்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் வேலை கிடைத்ததும் பீடியை விட்டுச் சிகரெட்டுக்கு மாறியவர்களும், சம்பளம் ஏறியதும் கிங்ஸ் சிகரெட்டுக்கு ஏறியவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்.

இதை அறிவியலாகவே கற்றுச் செய்தவர்களும் உண்டு. சிக்மண்ட் பிராய்டின் சகோதரி மகன் எட்வர்ட் பெர்னேஸ் அமெரிக்காவில் விளம்பரத் தொழிலின் முன்னோடி. பெண்கள் தெருவில் புகைப்பது இழுக்காகக் கருதப்பட்ட 1929-இல், ஒரு சிகரெட் கம்பெனிக்காக, நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைப் புகைத்தபடி நடக்கவைத்து, அவற்றை விடுதலைத் தீப்பந்தங்கள் என்று செய்தித்தாள்களில் பேசவைத்தார். அதற்குமுன் ஒரு உளப்பகுப்பாய்வு மருத்துவரைக் கலந்து ஆலோசித்திருந்தார். மனநோயாளிகளைக் குணப்படுத்தப் பிறந்த அறிவு நல்ல நுரையீரல்களைக் கெடுக்கப் போனது.

நம் பக்கத்தில் அந்த வேலையைத் திரை செய்தது. 1970-களின் நடுவில் வந்த ரஜினிகாந்த், சிகரெட்டைத் தூக்கிப் போட்டு உதட்டால் பிடித்த விதத்தைக் கண்ணாடி முன்னால் பழகாத பையன் அப்போது குறைவு. எத்தனை சிகரெட் தரையில் விழுந்து வீணாகியிருக்கும்! 2002-இல் "பாபா" வந்தபோது அதில் வந்த புகைக்கும் காட்சிகளை எதிர்த்துப் பாட்டாளி மக்கள் கட்சி போராடியது. அப்போது அதைச் சினிமாவுக்கும் அரசியலுக்குமான சண்டையாகவே பலர் பார்த்தார்கள். உளவியல் ஆய்வுகளோ போராடியவர்களின் பக்கம் நின்றன: தில்லியில் சுமார் 4,000 பள்ளி மாணவர்களிடம் நடந்து 2012-இல் வெளியான ஆய்வில், திரையில் புகையிலையை அதிகம் பார்த்த பிள்ளைகள் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பு, குறைவாகப் பார்த்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அதே 2012-இல்தான் படத்தின் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் எச்சரிக்கை காட்டும் விதி நடைமுறைக்கு வந்தது.

பிம்பத்தின் பலத்துக்கு இன்னும் வலுவான சான்று ஆண், பெண் கணக்கில் இருக்கிறது. 2016–17-இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆண்களில் 19 சதவீதம் பேர் புகைக்கிறார்கள். பெண்களில் 2 சதவீதம். நிகோட்டின் ஏற்பிகள் இருவர் மூளையிலும் ஒன்றுதான். மனக்கவலை பெண்களுக்குக் குறைவு என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்து, பிள்ளையின் படிப்பையும் மாமியாரின் மருந்தையும் கவனிக்கிற பெண்ணுக்கு "டென்ஷன்" என்று பெட்டிக்கடைக்குப் போக வழியில்லை. கவலைதான் காரணம் என்றால் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும். புகை ஆணுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட இடைவேளை என்பதே காரணம்.

*

"டென்ஷன்" என்ற இந்தக் காரணத்தை விட்டுவிட முடியாது. புகைப்பவர்கள் வேறு எதையும்விட அதிகமாகச் சொல்வது அதைத்தான், நேர்மையாகவும் சொல்கிறார்கள். ஒன்று பற்றவைத்ததும் படபடப்பு அடங்குவது அவர்களுக்குத் தெரிகிறது. ஆனால் எந்தப் படபடப்பு? கடைசிச் சிகரெட்டுக்குப் பின் நிகோட்டின் இறங்க இறங்க ஏறிய படபடப்பு. பிரிட்டிஷ் உளவியலாளர் ஆண்டி பேரட் 1999-இல் இதை விரிவாக எழுதினார்: புகைப்பவர் சிகரெட் பிடித்தபின் அடையும் அமைதி, புகைக்காதவர் எப்போதும் இருக்கும் நிலைதான். செருப்புக்குள் கல்லைப் போட்டுக்கொண்டு நடந்து, மணிக்கொருமுறை எடுத்துவிட்டு "என்ன சுகம்" என்பதைப் போன்ற சுகம் அது.

விட்டவர்களின் மனநிலையையும் அளந்திருக்கிறார்கள். ஜெம்மா டெய்லர் குழுவினர் 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட முடிவு இது: புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களோடு ஒப்பிட்டால், பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்தன, மனம் தெளிந்தது. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்தவர்களுக்கும் அப்படியே. கவலைக்கு மருந்து என்று நினைத்ததுதான் கவலையில் ஒரு பங்கை உண்டாக்கிக்கொண்டிருந்தது. இந்த ஒரு செய்தி ஊரில் பரவினால் எத்தனையோ பேருக்கு உதவும் என்பதால் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நுரையீரல் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். மனமும் அதனால்தான் கெடுகிறது என்பது தெரியாது.

தெரிந்தால் மட்டும் போதுமா என்றால், பிராய்டைப் பார்க்க வேண்டும். மனித மனத்தின் இருட்டறைகளையெல்லாம் திறந்து பார்த்தவர், நாளைக்கு 20 சுருட்டு வரை பிடித்தார். 1890-களிலேயே இதயம் தாறுமாறாகத் துடிப்பதால் விடும்படி நண்பரான மருத்துவர் ஃப்ளீஸ் சொன்னார். விட்டார், திரும்பப் பிடித்தார். 1923-இல் வாயில் புற்றுநோய் கண்டது. 30-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், தாடையின் ஒரு பகுதிக்குப் பதில் செயற்கைத் தகடு. சுருட்டு மட்டும் நிற்கவில்லை. 1939-இல் லண்டனில் இறந்தார். தன்னை அறிவது வேறு, தன்னை மாற்றுவது வேறு என்பதற்கு இவரைவிடத் துயரமான உதாரணம் உளவியல் வரலாற்றில் இல்லை.

செய்வதும் தெரிந்ததும் முரண்படும்போது மனிதர் செயலை மாற்றுவதைவிடத் தெரிந்ததை வளைப்பார் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் எழுதியபோது, அவர் எடுத்த உதாரணங்களில் முக்கியமானவர் புகைப்பவர்தான். தமிழில் அந்த வளைப்புகள் எல்லோருக்கும் மனப்பாடம். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டு புடிச்சாரு." "புடிக்காதவனுக்கும்தான் கேன்சர் வருது." "நாளைக்கு மூணுதான், அதுவும் ஃபில்டர்." தொண்ணூறைத் தொட்ட தாத்தா கண்ணில் தெரிகிறார், ஐம்பதில் போனவர்கள் பேச வருவதில்லை. அவர்களுக்காகப் பேசிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. சென்னையைச் சேர்ந்த வேந்தன் கஜலட்சுமி, ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் தமிழ்நாட்டில் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை, உயிரோடிருந்த 35,000 ஆண்களின் பழக்கத்தோடு ஒப்பிட்டு 2003-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல 4 மடங்குக்கு மேல். புற்றுநோயை மட்டும் நினைத்துப் பயப்படுபவர்கள் இந்த எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது.

எச்சரிக்கைப் படங்கள் இதற்குத்தான் வந்தன. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பை அவை அடைக்கின்றன. ஆனால் பெட்டிக்கடையில் பலர் பாக்கெட்டைத் தொடுவதே இல்லை. ஒன்று கேட்கிறார், கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார், தொங்கும் கயிற்று நெருப்பிலோ லைட்டரிலோ பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். படம் கடைக்காரரிடமே தங்கிவிடுகிறது. ஒன்று ஒன்றாக வாங்குபவருக்கு இன்னொரு மயக்கமும் உண்டு: ஒவ்வொரு தடவையும் அது "ஒன்றே ஒன்று" ஆகிவிடுகிறது. நாளைக்கு எத்தனை என்ற கூட்டல் மனத்தில் நடப்பதே இல்லை. உதிரி விற்பனையைத் தடுக்க வேண்டும் என்று பொதுச் சுகாதார மருத்துவர்கள் கேட்பதன் உளவியல் நியாயம் இதுதான்.

*

முன்பு சொன்ன 2016–17 கணக்கெடுப்பிலேயே, புகைப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட நினைப்பதாகவோ திட்டமிடுவதாகவோ சொன்னார்கள். ஆசைக்குக் குறைவில்லை. தனியாக விட முயல்வதுதான் பலரையும் தோற்கடிக்கிறது.

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் தலைமுறைகளாக நடந்துவரும் இதயநோய் ஆய்வில் 12,067 பேரின் உறவுகளையும் நட்புகளையும் 1971 முதல் 2003 வரை வரைந்து பார்த்த நிக்கோலஸ் கிறிஸ்டாக்கிஸ், ஜேம்ஸ் ஃபவுலர் இருவரும் 2008-இல் கண்டது: மக்கள் கூட்டம் கூட்டமாகப் புகையை விடுகிறார்கள். வாழ்க்கைத்துணை விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36 சதவீதம். பிடிக்க வைத்த கூட்டமே விடவும் வைக்கும். ரஜினிகாந்த் 2023 ஜனவரியில் ஒரு மேடையில், நடத்துனராக இருந்த நாளிலிருந்து தொடர்ந்த குடியையும் கணக்கில்லாத சிகரெட்டையும் தன்னை விடவைத்தது மனைவி லதாவின் அன்புதான் என்று சொன்னது, நெருங்கியவரின் இந்தப் பலத்துக்கு ஒரு முகம் தருகிறது.

இதை வைத்துப் பார்த்தால் மாலை போட்டவர் மற்ற எவரையும்விட நல்ல நிலையில் இருக்கிறார். உடம்பின் தவிப்பை, மிகக் கடினமான அந்த நான்கு வாரத்தை, அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார். பணம் கொடுத்தாலும் கிடைக்காத மூலதனம் அது. அதை இழக்காமல் இருக்க, மாலை கழற்றுவதற்கு முந்தின வாரமே செய்ய வேண்டியவை சில. அந்த விரதக் கூட்டத்தில் இன்னொருவரையாவது சேர்த்துக்கொண்டு இருவரும் சேர்ந்து விடுவது. டீயை வேறு கடையில், கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே, குடிப்பது. விடியற்காலைக் குளியலை மட்டுமாவது தொடர்வது, ஏனென்றால் காலைச் சிகரெட்டின் இடத்தை அதுதான் பிடித்து வைத்திருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் "சாமி" என்று கூப்பிடுவதை நிறுத்தும் நாளில், அவர் புகைக்காதவர் என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது. முக்கியமானது, "ஒன்றே ஒன்று" என்று வரும் அந்த முதல் சிகரெட்டை மறுப்பது. நிறுத்தியவர்கள் திரும்பச் சிக்குவது பெரும்பாலும் நண்பர் நீட்டும் அந்த ஒன்றில்தான். தவறி ஒன்று பிடித்துவிட்டாலும் எல்லாம் போயிற்று என்று அர்த்தமில்லை. விட்டவர்களில் பெரும்பாலோர் பல தடவை முயன்றுதான் விட்டிருக்கிறார்கள்.

மாலை போடாதவர்களுக்கும் இதே வழிதான், கூடவே மருந்தின் துணையும் உண்டு. நிகோட்டின் சூயிங்கமோ தோலில் ஒட்டும் பட்டையோ பயன்படுத்துவோர், வெறும் மன உறுதியை மட்டும் நம்புவோரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகமாக வெற்றி பெறுகிறார்கள். மருத்துவர் எழுதித் தரும் வேரனிக்ளின் மாத்திரை அதைவிடப் பலனுள்ளது. அவை உடம்பின் ஏக்கத்தைப் பார்த்துக்கொள்ளும். இடம், நேரம், கூட்டம் ஆகியவற்றை மாற்ற ஒரு மனிதரின் பேச்சு வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. அழைக்கக் கட்டணம் இல்லை. வீட்டில் புகைப்பவர் இருந்தால், திட்டுவதற்கு முன் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்த எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள்.